மூச்சு வாங்கும் நேரம்

திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் படகேறுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் மூச்சைத்தான். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடிந்தும் விடியாமலும் படகைத் தள்ளிக் கிழக்கே நெடுநேரம் ஓடிய பிறகு, தொலைவில் வெள்ளையாக ஒரு தூண் எழும். காற்றில் சற்றுச் சாயும். கரைந்துபோகும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீட்டர் உயரம் வரைகூட எழும். சிறுவர் புத்தகங்களில் அது தலை உச்சியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுவதாக வரைந்திருப்பார்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் ஏது? உடம்புச் சூட்டில் ஈரமேறிய காற்று, தலைமேல் இருக்கும் இரண்டு மூக்குத் துளைகள் வழியே பாய்ந்து வெளிவருகிறது. வந்த வேகத்தில் விரிந்து, குளிர்ந்து, திவலைகளாகிறது. துளைகளின் மேல் நின்ற கொஞ்சம் கடல்நீரும் உள்ளிருந்து வரும் சளியும் அதோடு சேர்ந்துகொள்ளும். காற்று நம் பக்கம் திரும்பினால் மீன்கவிச்சி மூக்கில் ஏறும்.

காலையிலேயே புறப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பொழுது ஏற ஏறக் காற்று எழும். அலைமுகடுகள் வெள்ளையாக நுரைக்கத் தொடங்கும். அதன்பிறகு அந்த வெள்ளைத் தூணை நுரையிலிருந்து பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். பருவமும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தென்கரை கொந்தளிக்கும். தீவின் மறைவில் இருக்கும் கிழக்குக் கரையோ அடங்கிக் கிடக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸவில் நடக்கும் திமிங்கிலச் சவாரி, அதற்குப் பிந்திய மாதங்களில் திருகோணமலைக்கு இடம் மாறுவது இதனால்தான். திமிங்கிலம் வந்துபோகும் கணக்கு ஒரு பக்கம் இருக்க, மனிதன் பத்திரமாகப் படகு இறக்கக்கூடிய கணக்கும் இந்தப் பருவத்துக்குள் இருக்கிறது.

உலகின் மிகப்பெரிய விலங்கைப் பார்க்கப் பல நாடுகளில் கப்பலேறி நாள்கணக்கில் போக வேண்டும். இங்கே ஒரு பைபர் படகு போதும். சில நாட்களில் அதுவும் வேண்டாம். கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் விளிம்பிலிருந்தே மூச்சுத் தூணைப் பார்த்துவிடலாம். கடலுக்கடியில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்குதான் இந்த வசதியைத் தந்தது. மகாவலி ஆறு வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் வாயிலிருந்தே அந்தப் பள்ளம் தொடங்கிவிடுகிறது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டும். தென்கரையில் தேவேந்திரமுனைக்கு வெளியே கண்டத்திட்டு மிகக் குறுகலாக இருப்பதும் இதே விளைவைத் தருகிறது. ஆழ்கடல் விலங்குக்குக் கரை ஒரு தடையே இல்லை என்பதை இவ்விரண்டு இடங்களிலும் காணலாம். அதற்கு வேண்டியது ஆழமும் தீனியும்.

தீனி என்றதும் தென்துருவத்துக் கிரில் கூட்டம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இலங்கைத் தென்கரையில் நடந்த ஆய்வுகள் வேறு விடை தந்தன. இங்குள்ள நீலத் திமிங்கிலங்களின் முக்கிய உணவு செர்ஜெஸ்டிட் வகைச் சிற்றிறால். நம் சந்தைகளில் உலர்த்தி விற்கும் கூனி இறாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கருவாட்டுக் கடையில் கைப்பிடியாக அள்ளும் அந்தப் பொடிசின் உறவைத் தின்றுதான் இவ்வளவு பெரிய உடம்பு வளர்கிறது.

இந்தத் திமிங்கிலங்கள் தனி இனக்கிளை. தென்துருவத்து நீலத் திமிங்கிலம் 30 மீட்டரைத் தொடும். வட இந்தியப் பெருங்கடலில் வாழ்வது 24 மீட்டரைத் தாண்டுவது அரிது. மற்ற நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்கு மேயப் போய் வெப்பக்கடலுக்குத் திரும்புகின்றன. இவை துருவத்துக்குப் போவதே இல்லை. இந்த வெதுவெதுப்பான நீரிலேயே தின்று, இதிலேயே குட்டி ஈன்று வாழ்கின்றன. உள்ளூர்வாசிகள் என்று உரிமையோடு சொல்லலாம். அப்படி இருந்தும் நாம் இவற்றைப் பற்றி அறியத் தொடங்குமுன்பே பெரும் அழிவு நேர்ந்துவிட்டது. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் 1,294 நீலத் திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. கணக்கு வெளியே வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. கடலோரத்தில் மீன்பிடிக்கப் போவதற்கே கட்டுப்பாடு இருந்த காலத்தில் திமிங்கிலத்தைப் பார்க்க யார் போவார்கள்?

இனி அந்த மூச்சுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

நீலத் திமிங்கிலம் சுமார் பத்து நிமிடம் ஆழத்தில் இருக்கும், மேலே வந்து சில நிமிடங்கள் மூச்சு விடும், மறுபடி தாழும். மேலே இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் படகிலிருப்பவருக்குக் கிடைக்கும் காட்சி. அது அசையாமல் மிதப்பதுபோலத் தெரியும். ஓய்வெடுக்கிறது என்று நினைப்போம். கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடலில் உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டவைத்த கருவி வேறு சேதி சொன்னது. 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆழத்தில் இருக்கையில் அதன் இதயம் நிமிடத்துக்கு 4 முதல் 8 முறைதான் துடித்தது. மிகக் குறைந்த கணத்தில் 2 முறை. மேலே வந்ததும் துடிப்பு 25-இலிருந்து 37 வரை ஏறியது. அவ்வளவு பெரிய இதயத்தால் அதற்குமேல் வேகமாகத் துடிக்க முடியாது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஆக, மேலே மிதப்பதாக நமக்குத் தோன்றும் நேரம்தான் அதன் இதயம் உச்சத்தில் உழைக்கும் நேரம். ஆழத்தில் செலவழித்த ஆக்ஸிஜனை அது அப்போதுதான் திரும்ப ஈட்டுகிறது. வாயை அகலத் திறந்து பாய்ந்து, தன் எடைக்கு ஈடான தண்ணீரை ஒரே விழுங்கில் அள்ளி, இறாலை மட்டும் வடித்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளுவது மிகவும் செலவு பிடிக்கும் வேலை. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் காற்றில் 80 முதல் 90 சதவீதம் வரை புதிதாகிறது. நாம் சாதாரணமாக மூச்சு விடும்போது மாறுவது 10, 15 சதவீதம்தான். அந்தப் பெரும் மூச்சுகள் சில கிடைத்தால்தான் தசைகளில் ஆக்ஸிஜன் நிறையும். அடுத்த முறை போதுமான நேரம் கீழே இருக்க முடியும். திருச்சி மலைக்கோட்டைப் படிகளை ஓட்டமாக ஏறி வந்து மூச்சிரைக்க நிற்பவரைச் சுற்றி வளைத்துப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? வேகமாகப் பாய்ந்து வரும் படகு திமிங்கிலத்துக்குச் செய்வது அதைத்தான். ஐந்து மூச்சு வேண்டிய இடத்தில் மூன்றோடு அது தாழ்ந்தால், அடுத்த முக்குளிப்பு குறுகும். அள்ளும் தீனி குறையும். ஒரு படகால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரே காலையில் பத்துப் படகு வந்தால், அதுவும் பருவம் முழுக்க நாள் தவறாமல் வந்தால், கணக்கு வேறு.

நான் போன படகை ஓட்டியவர் மீன்பிடித் தொழிலிலிருந்து வந்தவர். முதல் மூச்சுத் தூணைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அவர் மட்டும் எஞ்சினைத் தணித்தார்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. கிட்டப் போனா அது தாழ்ந்திடும். பொறுங்கோ, இந்தப் பக்கமாத்தான் திரும்ப எழும்பும்."

அவர் கை காட்டிய இடத்தில் தண்ணீர் மீது வட்டமாக ஒரு வழவழப்பு. சுற்றிலும் சிற்றலை நெளிந்துகொண்டிருக்க, அந்த வட்டத்துக்குள் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல் கண்ணாடிப் பரப்பு. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று, ஒரே கோட்டில். திமிங்கிலம் வாலைக் கீழ்நோக்கி அடிக்கும்போது உண்டாகும் நீர்ச்சுழல் மேலெழுந்து பரப்பில் விரிகிறது. விரியும் நீர் சிற்றலைகளை வெளியே தள்ளிவிடுவதால் அந்த இடம் வழவழத்துப்போகிறது. வட்டங்களை இணைத்துப் பார்த்தால் அது போகும் திசை தெரிந்துவிடும். அவர் படகை அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளி நிறுத்தினார். காத்திருந்தோம். முதலில் நீருக்கடியில் வெளிறிய பச்சைநீலம் ஒளிர்ந்தது. கடல்நீர் வடிகட்டிக் காட்டும்போது அதன் சாம்பல் உடம்பு அப்படித்தான் மின்னும். பிறகு மூச்சு. பிறகு முதுகு, அது முடிவில்லாமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. எல்லாம் முடியும் தருவாயில், உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிறிய முதுகுத் துடுப்பு. ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விட்டது. பிறகு வாலைத் தூக்கித் தாழ்ந்தது. துரத்தியிருந்தால் இதில் பாதிகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அந்த மனிதர் தணித்தது வேகத்தை மட்டுமல்ல, சத்தத்தையும். கடலுக்குள் வெளிச்சம் 200 மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இல்லை. ஒலியோ தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதனால் திமிங்கிலத்தின் உலகம் காதால் ஆனது. நீலத் திமிங்கிலத்தின் தாழ்ந்த முரலொலி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அந்த உலகத்துக்குள் படகு எஞ்சின் நுழையும்போது உரக்கக் கேட்பது பெரும்பாலும் தண்ணீருக்குள் சுழலும் விசிறியின் சத்தம். விசிறி வேகமாகச் சுழன்றால் அதன் இதழ்களின் பின்புறம் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீர் ஆவியாகிக் குமிழிகள் பிறக்கும். அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அவை நசுங்கி உடையும். ஒவ்வொரு உடைதலும் ஒரு வெடிப்பு. நொடிக்கு எண்ணற்ற வெடிப்புகள். மெதுவாக ஓட்டினால் குமிழிகள் மிகவும் குறைந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் பாதிக்கும் கீழே இறங்குவதற்கு இதுவே காரணம்.

இலங்கையில் திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது விதி. பல நாடுகளிலும் ஏறக்குறைய இதே தூரம்தான். தூரம் மட்டும் போதுமா என்று ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் சோதித்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், குட்டியோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கூனல்முதுகுத் திமிங்கிலத் தாய்களுக்கு 100 மீட்டர் தள்ளிப் படகு வந்தது. அதிலிருந்து நீருக்கடி ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தத்தைப் பல அளவுகளில் ஒலிக்கவிட்டு, மேலிருந்து ட்ரோன் வழியே கவனித்தார்கள். சத்தம் தாழ்ந்திருந்தபோது தாய் அசையவில்லை. 172 டெசிபெல்லில் ஒலித்தபோது தாயின் ஓய்வு 30 சதவீதம் குறைந்தது, மூச்சு இரட்டிப்பானது, நீந்தும் வேகம் 37 சதவீதம் கூடியது. தூரம் ஒன்றே; மாறியது சத்தம் மட்டும். நம் விதிகள் மீட்டரில் அளக்கின்றன, திமிங்கிலமோ காதால் அளக்கிறது. விதிகளில் வேகத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் தூரத்துக்குச் சமமான இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓடிப்போகாமல் இருந்தால் தொந்தரவு இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கடலின் பின்னணிச் சத்தம் 6 டெசிபெல் இறங்கியது. ஒலியழுத்தக் கணக்கில் அது பாதி. அந்நாட்களில் சேகரித்த ரைட் திமிங்கிலங்களின் மலத்தில் மன அழுத்த ஹார்மோன்களின் எச்சம் தாழ்ந்திருந்தது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் அவை அதுவரை சத்தத்தைச் சுமந்துகொண்டிருந்தன.

மலம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கடலின் கதையில் அதற்கு மதிப்பான இடம் உண்டு. 2003-இல் ஒடிசி என்ற ஆய்வுக் கப்பலில் இருந்த இலங்கை இளம் ஆய்வாளர் ஆஷா டி வோஸ், நீலத் திமிங்கிலங்கள் கூடியிருந்த இடத்தில் சிவப்பாக மலம் மிதப்பதைக் கண்டார். வெப்பக்கடலில் அவை தின்பதே இல்லை என்ற பாடப்புத்தக எண்ணம் அங்கே உடைந்தது. தின்னாத விலங்கு எப்படிக் கழிக்கும்? இலங்கைத் திமிங்கிலங்களைப் பற்றிய அவரது நீண்ட ஆய்வு அந்தச் சிவப்புத் திட்டில் தொடங்கியது. இறாலின் நிறம்தான் அந்தச் சிவப்பு. திமிங்கிலங்கள் ஆழத்தில் தின்று, பெரும்பாலும் மேலே வந்து கழிக்கின்றன. அதனால் ஆழத்துச் சத்து வெளிச்சமுள்ள மேல்நீருக்கு வந்து சேர்கிறது. தென்துருவக் கடலில் அளந்தபோது, இரையை வடித்துத் தின்னும் பலீன் திமிங்கிலங்களின் மலத்தில் இரும்புச் செறிவு சுற்றியுள்ள நீரைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு இருந்தது. மிதக்கும் நுண்பாசிகளுக்கு அது உரம். பாசியைத் தின்னும் உயிர்களுக்கும் மீனுக்கும் அதுவே வாழ்வு. மேற்பரப்பில் நிம்மதியாக இருக்கவிடாமல் திமிங்கிலத்தை விரட்டுவது, மீனவரின் வலையிலும் கைவைப்பதாகும்.

சுற்றுலாப் படகுகளை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. அதே நீரில்தான் திமிங்கிலங்கள் மேய்கின்றன. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கிலம் ஒன்று செத்து மடிந்து தொங்கியது. இவ்வளவு பெரிய சத்தத்தோடு வரும் கப்பலுக்கு அது ஏன் விலகவில்லை? கலிபோர்னியாவில் கவனித்தபோது, கப்பல் நெருங்கியும் நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகவில்லை. மெதுவாகக் கீழே இறங்க மட்டுமே செய்தது. பல இலட்சம் ஆண்டுகளாக அதைவிடப் பெரியது எதுவும் மேலே வந்து மோதியதில்லை. விலகும் பழக்கம் எங்கிருந்து வரும்? பாதையை 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் போல, தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2022-இல் உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிக்கொண்டது. பெருங்கப்பலே விலகும்போது பைபர் படகு விலக முடியாதா?

முடியும். அதற்குப் பயணிகளின் ஒத்துழைப்பு வேண்டும். படகோட்டி துரத்துவது பல நேரம் நமக்காகத்தான். "இவ்வளவு காசு கொடுத்தும் சரியாகப் பார்க்கலையே" என்று நாம் முணுமுணுப்பதை அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த படகு முந்திவிட்டால் நம் முகம் வாடுவதையும் பார்க்கிறார். அதனால் ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது: துரத்த வேண்டாம், காணாவிட்டாலும் பேசிய காசு உண்டு. எதிரே போய் வழிமறிக்காமல், வாலுக்குப் பின்னால் தொற்றாமல், பக்கவாட்டில் இணையாக, அதைவிட மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தாயும் குட்டியுமாக இருந்தால் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று படகுகள் சூழ்ந்திருந்தால் அந்தத் திமிங்கிலத்தை விட்டுவிடலாம். வழியில் ஓங்கில் கூட்டம் வந்து சுழன்று குதித்துப் படகின் முகப்பில் விளையாடினால், அது அவற்றின் விருப்பம். நாம் ஒரே வேகத்தில் நேராகப் போனால் போதும்.

கேமராவுக்கும் வேலை இருக்கிறது. நீலத் திமிங்கிலத்தின் தோலில் இருக்கும் சாம்பல் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். முதுகுத் துடுப்பின் வடிவும் அதிலுள்ள வெட்டும் அப்படியே. அவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒரு திமிங்கிலத்தை மறுபடி அடையாளம் காண்கிறார்கள். வால் தூக்கும் காட்சிக்காகவே எல்லோரும் காத்திருப்பார்கள், அதுவும் பயன்படும். ஆனால் துடுப்போடு சேர்ந்த பக்கவாட்டுப் படம்தான் அதிகம் உதவும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு என்பதால் எந்தப் பக்கம் என்று குறிக்க வேண்டும். தேதி, நேரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் ஆகியவற்றையும் சேர்த்துத் திமிங்கில ஆய்வு செய்கிறவர்களுக்கு அனுப்பினால், திருகோணமலையில் மூச்சு விட்ட அதே திமிங்கிலம் அடுத்த ஆண்டு மிரிஸ்ஸவிலோ மாலைதீவிலோ மூச்சு விடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு இன்னொரு படம் கிடைக்கும்.